தோட்டாவை இழந்த துப்பாக்கிகள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளையையும் நாலந்தாவையும் கடந்து தம்புள்ளையை அடையுமுன் வருவது நாவுல. எலஹெரவுக்குச் செல்லும் வழி பிரிகின்ற இடமாகையால் அவ்வூர்ச் சந்தியில் எப்போதும் நாலு பேர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பர். அதற்கப்பால் தோட்டங்களும், சேனைகளும், அவற்றை ஒட்டிய காடுமே. அங்கே ஒரு நாள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

நண்பர் ஒருவரின் பெரியப்பா அவ்வூரில் வெங்காயமும் சோளமும் பயிரிட்டு வாழ்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டின் உள்ளறைச் சுவரில், சுவாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, நீண்ட குழலையுடைய இடியன் துவக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வாய்வழியே மருந்தும் ஈயமும் இட்டு, கோலால் இடித்துச் சுடுகின்ற பழைய வகைத் துப்பாக்கிக்கே எம்மவர் அப்பெயரை இட்டுள்ளனர். அதன் அனுமதிப்பத்திரத்தைப் பெரியவர் நனையாமல் உறையிலிட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

அதைக் கண்டதும் எமது கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. கனடாவில் வாழும் எமது உறவினர் ஒருவர் பழைய சுழல் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். அண்மையில் தாம் வாங்கிய ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் சிமித் அன்ட் வெசன் கம்பெனியார் 1861 முதல் 1874 வரை செய்து விற்ற இரண்டாம் எண் ரிவோல்வர் அது. .32 அளவுத் தோட்டா ஆறு கொள்ளும். பட்டுத் துணியின்மேல், மங்கிய நீல நிறத்துடன், நகைபோலக் கிடந்தது.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அழகான சாமான்தான், தம்பி. இதுக்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?” என்றார்.

கிடைப்பது அரிது என்றோம். “அப்போ இதை வைச்சு என்ன செய்யிறது?” என்று சிரித்தார். அவர் விளையாட்டாகக் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே இத்தகைய துப்பாக்கிகளின் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது உணர்ந்தோம்.

இவற்றை ரிம்பயர் துப்பாக்கிகள் என்பர். இன்று பெரும்பாலான தோட்டாக்களின் அடிப்புற நடுவில் ஒரு சிறு பொட்டு இருக்கும். ஊசி அதன்மேல் அடித்தால் வெடிக்கும். ரிம்பயரில் அந்தப் பொட்டு இல்லை. மெல்லிய செப்புக் கூட்டின் அடி விளிம்பு உட்குழிவாக மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பின் உள்ளே, வளையம்போல, தீப்பற்றும் மருந்து பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கியதும் அம்மருந்து பொறி கக்கி உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். தீயும், மருந்தும், குண்டும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிட்டமையே இதன் புதுமை. பாரிஸ் நகரத்துப் புளோபேர் என்பவர் 1845இல் இதற்கு வழி காட்டினார். அவருடைய தோட்டாவில் வெடிமருந்தே கிடையாது. விளிம்பு மருந்தின் விசையே சிறு குண்டைத் தள்ளிற்று. செல்வர் வீட்டு வரவேற்பறைகளில் விருந்தினர் இலக்குச் சுட்டு விளையாட அது போதுமானதாயிருந்தது.

அதன் பின்னரே சிமித்தும் வெசனும் வந்தனர். தோட்டாவைப் பின்புறமாக இடுவதற்குச் சுழலும் உருளையில் முன்னிருந்து பின்வரை நேர்த்துளைகள் வேண்டும். இன்று சிறுபிள்ளைக்கும் தோன்றக்கூடிய இந்த யோசனைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சதம் வீதம் அவருக்குக் கொடுக்க உடன்பட்டு, 1857இல் அவ்விருவரும் ஏழு தோட்டா கொள்ளும் .22 அளவுச் சிறு ரிவோல்வரை விற்பனைக்கு விட்டனர். குழலை மேல்நோக்கி மடித்து, உருளையைக் கழற்றி, குழலின் கீழுள்ள முளையில் குத்திக் காலிக்கூடுகளைத் தள்ளவேண்டும். சுற்று வழிதான்; ஆயினும் மருந்தையும் குண்டையும் தனித்தனியே இட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது மாயவித்தையாகவே பட்டிருக்கும். புகழ்பெற்ற கோல்ட் கம்பெனிகூட 1869இல் அக்காப்புரிமை முடியும்வரை அத்தகைய உருளையைச் செய்ய இயலாது கைகட்டி நின்றது.

அதே 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்ததை மாணவர்கள் அறிவர். கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிக்கும்படி கட்டளையிட்டமையே சிப்பாய்களின் கொதிப்புக்கு உடனடிக் காரணமாயிற்று. உலகின் ஒரு கோடியில் காகிதத் தோட்டா ஒரு பேரரசையே உலுக்கிக்கொண்டிருந்தபோது, மறு கோடியில் செப்புத் தோட்டா கடைக்கு வந்துகொண்டிருந்தது.

இத்தனை சிறப்புடன் பிறந்த ரிம்பயர் ஏன் மங்கிற்று? விளிம்பு நசுங்கினாலன்றித் தோட்டா வெடிக்காது; நசுங்கவேண்டுமாயின் கூடு மெல்லியதாக இருக்கவேண்டும்; மெல்லிய கூடு பெரிய வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. எனவே துப்பாக்கிகள் வலுப்பெற்றபோது நடுப்பொட்டுத் தோட்டா முன்னேறிவிட, பெரிய அளவு ரிம்பயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்னுமொரு குறையும் உண்டு. நடுப்பொட்டுத் தோட்டாவின் காலிக்கூட்டில் புதுப் பொட்டு வைத்து மறுபடி நிரப்பலாம். விளிம்பு நசுங்கிய கூட்டில் சாதாரணமாக அது முடியாது. தொழிற்சாலை நிறுத்திவிட்டால் துப்பாக்கியும் நின்றுவிடும். மிகச் சிறிதான .22 மட்டுமே தப்பிப் பிழைத்தது. 1857இல் பிறந்த அதன் குட்டை வடிவம் இன்றளவும் செய்யப்பட்டு வருகிறது. 1887இல் வந்த நீண்ட வடிவமோ உலகமெங்கும் இலக்குச் சுடுவோரின் அன்றாடச் சரக்கு.

எமது உறவினரின் கதைக்கு வருவோம். கனடாவின் சட்டப்படி, 1898க்கு முன் செய்யப்பட்டு, .22 அல்லாத ரிம்பயர் தோட்டாவை மட்டுமே சுடக்கூடிய கைத்துப்பாக்கி தொல்பொருளாகக் கொள்ளப்படும். 2022 அக்டோபர் 21 முதல் அந்நாட்டில் கைத்துப்பாக்கிகளை வாங்கவும் விற்கவும் பொதுவில் தடை வந்தபோதும், இத்தொல்பொருள்கள் அதற்குள் அகப்படவில்லை. காரணம், பெரியவர் கேட்ட கேள்விதான்: தோட்டா எங்கே கிடைக்கும்? பிரித்தானியாவிலும் இதே எண்ணமே சட்டத்திற்கு அடிப்படை. வழக்கொழிந்த தோட்டாவுக்குரிய பழந்துப்பாக்கியை அழகுப் பொருளாக வைத்திருக்கலாம். ஆனால் குற்றம் புரிவோர் சில வகைகளுக்குத் தாமே தோட்டா தயாரிக்கத் தலைப்பட்டதால், 2021இல் ஏழு அளவுகள் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சேகரிப்போர் சிலர் முணுமுணுத்தார்களாம். முணுமுணுப்பதில் நியாயமிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

சேகரிப்போரின் பழக்கங்கள் சுவையானவை. வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்ப்பவரை அவர்கள் அருகே அண்டவிடார். தோட்டா இல்லாதபோது ரிம்பயரின் ஊசி அறையின் ஓரத்திலேயே அடித்துப் பள்ளமிட்டுவிடும் என்பதே அவர்கள் அச்சம். பழைய நீல மெருகைத் துலக்குவது பாவம். துலக்கினால் விலையும் போயிற்று, வரலாறும் போயிற்று. கரும்மருந்தின் காலத்து இரும்பில் இக்காலப் புகையற்ற மருந்துத் தோட்டாவை இடுவது அதனிலும் பெரும்பாவம். உருளை பிளந்து கை போகலாம்.

ஆகவே சுடும் ஆசைக்கு அவர் வேறொன்று வைத்திருக்கிறார். 1931இல் வெளிவந்த கே-22 என்னும் ஆறு தோட்டா ரிவோல்வர் அது. அது தொல்பொருளன்று, தடை வருமுன்னரே உரிமத்துடன் வாங்கியது. கழகத்தின் சுடுகளத்தில், 25 மீற்றர் தூரத்தில், காதை மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டிச் சுடுவாராம். ரிவோல்வரில் ஆறு அறைகள் இருப்பதால் உண்மையில் அது ஆறு துப்பாக்கிகள் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்றது என்பார் அவர். ஓர் அறை குழலுடன் மயிரிழை விலகி நின்றாலும் அதன் குண்டு மட்டும் ஒதுங்கி விழும். அறைகளுக்கு எண்ணிட்டு, எந்த அறையின் குண்டு எங்கே விழுகிறதென்று குறித்துவருவதற்கே அவருக்கு ஒரு கோடைகாலம் சென்றதாம். பொறுமைக்கு இதைவிடப் பயிற்சி வேண்டுமா?

ஒலிம்பிக் களத்திலும் இச்சிறு தோட்டாவுக்கு இடமுண்டு. 25 மீற்றர் விரைவுச் சுடற்போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடியிலும், பின் 6 விநாடியிலும், முடிவில் 4 விநாடியிலும் சுடவேண்டும். 2012இல் இலண்டனில் இந்திய இராணுவத்தைச் சேர்ந்த விஜய் குமார் வெள்ளிப்பதக்கம் பெற்றது இப்போட்டியிலேதான். 2005ஆம் ஆண்டு விதி மாறும்வரை வீரர்கள் இதில் .22 குட்டைத் தோட்டாவையே பயன்படுத்தினர். அதாவது 1857ஆம் ஆண்டின் தோட்டா இருபத்தோராம் நூற்றாண்டிலும் பதக்கம் வென்றுகொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் பெரியவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் எழுந்து தமது துவக்கைச் சுவரிலிருந்து இறக்கினார். இதற்கென்று அளவெடுத்துச் செய்த தோட்டா எதுவும் வேண்டுவதில்லை. மருந்து, ஈயம், கேப்பு ஆகிய மூன்றும் போதும். அதனால்தான் புதுமையாய் வந்த ரிம்பயர் பட்டுத்துணியில் உறங்க, அதற்கு மூத்த இடியன் நாவுலச் சேனையில் இன்னும் விழித்திருக்கிறது. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தால் போதுமென்றார்.

இப்பகுதிக்கும் துவக்குக்கும் உறவு பழையது. கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்த துவக்குகள் பலவற்றில் விசைப்பொறி இடப்புறம் இருக்கும். அது அவற்றுக்கேயுரிய அடையாளம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடி எடுத்துச் சென்றவற்றுள் ஆறு பொருள்கள் 2023இல் இலங்கைக்குத் திரும்பின. லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி அவற்றுள் ஒன்று. பெருந்துவக்குகள் இரண்டும் அவற்றோடு வந்தன. சேகரிப்பு என்பது எப்போதும் விலைகொடுத்து வாங்கியதன்று என்பதை மாணவர்கள் கொழும்பு அருங்காட்சியகத்தில் நேரிலேயே காணலாம்.

ஆங்கிலேயர் காலத்தில், தேசாதிபதி டொரிங்டன் 1848இல் விதித்த வரிகளுள் துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் என்பதும் ஒன்று. பன்றியை விரட்டத் துவக்கு வைத்திருந்த குடியானவனுக்கு அது சிறு தொகையன்று. நாய்க்கும் வரி, கடைக்கும் வரி, தெருவுக்கு ஆறு நாள் உழைப்பு. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய மக்கள் மாத்தளையைத் தாக்கினர். அவர்களுக்குத் துணைநின்ற புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இவ்வரலாறு நடந்த தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையிலேதான் நாம் அன்று உட்கார்ந்திருந்தோம்.

“அந்தக் கனடாத் தம்பி இதை வாங்குவாரா?” என்று பெரியவர் திடீரெனக் கேட்டார்.

முடியாது என்றோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி இங்கே அனுமதிப்பத்திரமின்றிக் கைமாற்ற இயலாது. பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். ஏன் விற்க எண்ணுகிறீர்கள் என்று கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. வாசலுக்கு வந்து, வேலிக்கப்பால் காட்டுக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார்.

அவருடைய தம்பி மகனின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், விறகுக்குச் சென்றபோது, பன்றிக்காக யாரோ கட்டியிருந்த கட்டுத்துவக்கில் அகப்பட்டுக்கொண்டான். ஒரு குழாய், கொஞ்சம் மருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு நூல். கால் தட்டினால் வெடிக்கும். பன்றியா மனிதனா என்று நூலுக்குத் தெரியாது. சட்டம் அதை முற்றாகத் தடுத்திருந்தும் கிராமங்களில் கால்களும் உயிர்களும் போய்க்கொண்டேயிருக்கின்றன. அதுவும் இடியனின் பிள்ளைதான். தோட்டா வேண்டாமை என்னும் அதே குணமே இரண்டுக்கும்.

“என்னோட துவக்கை ரெண்டு பேர் கேட்டாங்க. கட்டத்தான் கேக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் கண் மூடினப்புறம் இது யார் கைக்குப் போகும்? அதுதான் யோசனை,” என்றார்.

பொலிஸாரிடம் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடலாமே என்றோம். மகனும் அதையே சொல்வதாகக் கூறினார். ஆயினும் வெங்காயம் கிண்டும்வரை பொறுக்கவேண்டுமாம். பன்றிகள் இறங்கும் காலம் இது.

புறப்படுமுன், உறவினருக்கு அனுப்புவதற்காகத் துவக்கைப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டோம். பெரியவர் இசைந்தார். ஆனால் சற்றுப் பொறுக்கச் சொல்லி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் குழலை அடியிலிருந்து நுனிவரை துடைத்து, முற்றத்துப் பாயின்மேல் கிடத்தினார். பத்திரத்தின் இலக்கம் மட்டும் படத்தில் விழக்கூடாது என்றார்.