மனம் சோர்ந்தால் சர்க்கரை ஏறும்!

நீரிழிவுக்கு மாத்திரை உண்டு. ஊசி உண்டு. பத்தியமும் உண்டு. ஆனால், மனம் சோர்ந்துவிட்டால்?

"ஒரு துண்டு கேக் தின்றுவிட்டேன். எல்லாம் பாழ்! இனி மாத்திரை எதற்கு?"

இப்படி நினைப்பவர் மாத்திரையை விடுகிறார், நடப்பதையும் விடுகிறார். சர்க்கரை ஏறுகிறது. அதைக் கண்டு மேலும் சோர்கிறார்.

இந்த நினைப்பையே பிடித்துக் கேள்வி கேட்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. பெயர், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் பெரிது; விஷயம் எளிது!

"ஒரு துண்டினால் எல்லாம் பாழாகுமா? நேற்றுப் பத்தியமாக இருந்தீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று நிபுணர் கேட்பார். நோயாளியே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். பிறகு சிறு வேலை கொடுப்பார்: நாளைக்குப் பத்து நிமிடம் நடை!

அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த வழி இது.

அங்கே செயின்ட் லூயிஸ் நகரில், நீரிழிவோடு கடும் மனச்சோர்வும் உள்ள 51 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் நீரிழிவு பற்றிப் பாடம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் 10 வாரம் இந்தச் சிகிச்சையும் நடந்தது.

முடிவு 1998-ல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 85 பேர் வீதம் சோர்விலிருந்து மீண்டார்கள். மற்றவர்களில் 27 பேர் வீதம்தான்!

சர்க்கரை? 10 வாரம் முடிந்தபோது வித்தியாசமே இல்லை! ஆறு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சில மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் சோதனை அது. சிகிச்சை பெற்றவர்களுக்கு 9.5 சதவீதம். மற்றவர்களுக்கு 10.9.

9.5-ம் அதிகம்தான். மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.