நட்டும் போல்ட்டும்: உராய்வின் இரு முகங்கள்

தையல் எந்திரம், மிதிவண்டி, மின்விசிறி, இரயில் பாலம் ஆகிய அனைத்தையும் பிணைத்து நிற்பவை நட்டும் போல்ட்டுமே. இவ்வளவு எளிய பொருளில் அறிய என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் ஒரு கேள்வி: இறுக்கிய நட்டு ஏன் தானாகக் கழன்று விடுவதில்லை?

நட்டைத் திருகும்போது போல்ட்டு இழுபட்டு நீளுகிறது. 100 மி.மீ. நீளமுள்ள உயர்வலிமை எஃகுப் போல்ட்டை முறைப்படி இறுக்கினால் அது ஏறத்தாழக் கால் மி.மீ. நீளும். நீண்ட போல்ட்டு, இழுத்த சுருள்வில்லைப் போலச் சுருங்க முயன்று, இடையிலுள்ள தகடுகளை நெருக்கிப் பிடிக்கிறது. வெளிச்சுமை வருமுன்னரே போல்ட்டில் நாம் உண்டாக்கும் இவ்விசைக்கு முன்னிழுவிசை என்று பெயரிடலாம்.

20 மி.மீ. தடிப்புள்ள அத்தகைய போல்ட்டு ஒன்று சுமார் 12 டன் விசையுடன் தகடுகளை நெருக்கும். தகடுகளின் உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், அவற்றைப் பக்கவாட்டில் நழுவச் செய்ய 3.6 டன் விசை வேண்டும். எஃகுப் பாலங்களின் இணைப்புகள் பலவற்றில் சுமையைத் தாங்குவது போல்ட்டின் தண்டு அன்று. தகடுகளுக்கிடையே எழும் இந்த உராய்வே.

இங்ஙனம் நண்பனாக விளங்கும் உராய்வு, இறுக்கும் வேளையில் நம் உழைப்பைக் கவர்ந்து கொள்கிறது. ஸ்பேனரில் நாம் செலுத்தும் முயற்சியில் ஏறத்தாழ 50 விழுக்காடு நட்டின் அடிப்பரப்பிலும், 40 விழுக்காடு மரைகளிலும் உராய்வினால் செலவாகிறது. எஞ்சிய 10 விழுக்காடே போல்ட்டை நீட்டுகிறது. துருப்பிடித்த மரையில் கை வலிக்கத் திருகினாலும் உள்ளே பிடி குறைவாகவே இருக்கும். எண்ணெயிட்ட மரையிலோ அதே முயற்சி போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்து அறுத்துவிடவும் கூடும். எனவே கை வலித்ததைக் கொண்டு இறுக்கத்தை அளக்கலாகாது.

நட்டு கழலாமல் காப்பதும் அதே மரை உராய்வுதான். ஆனால் தகடுகள் பக்கவாட்டில் மீண்டும் மீண்டும் நழுவி அசைந்தால், நட்டு சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழலும். இதனை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை வாயிலாக விளக்கினார். தகடுகள் நழுவாதபடி போதிய முன்னிழுவிசை தருவதே இதற்குச் சிறந்த மருந்து.

இதன் அருமையை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2007 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தில் கிரேரிக் என்னுமிடத்தில் விரைவு இரயில் தடம் புரண்டு, ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பாதை பிரியுமிடத்தில் அசையும் தண்டவாளங்களை இணைத்த கம்பியின் நட்டுகள் கழன்றிருந்ததை விசாரணை கண்டறிந்தது. ஐந்து நாட்களுக்கு முன் நடந்திருக்க வேண்டிய பார்வையிடல் நடைபெறவில்லை.

நம் வீட்டு மின்விசிறியைத் தாங்கும் போல்ட்டில், நட்டுக்கு அப்பால் ‘ஸ்பிளிட் பின்’ என்னும் சிறு கம்பி செருகப்பட்டிருக்கும். நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாமல் தடுப்பது அதுவே. விசிறியைக் கழற்றி மாட்டும்போது, “சிறு கம்பிதானே” என்று அதனை விட்டுவிடலாகாது. மாணவியரே, கண்ணுக்குத் தெரியாத இறுக்கமே கட்டமைப்பைக் காக்கிறது. அதை அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது பிறர் உயிரைப் பேணும் அன்புப் பணியாகும்.