நிற்க மறுத்த விசிறி

“நிப்பாட்டினாலும் ஓடுது மாமா!”

வெள்ளவத்தையில் வாழும் என் தமக்கையின் மகன் தொலைபேசியில் இவ்வாறு கூறியபோது, எது ஓடுகிறது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. குளியலறைக்குச் சாளரம் கிடையாது. அதன் சுவரிலே ஒரு துளை. அத்துளையிலே ஈரக்காற்றை வெளியே தள்ளும் சிறு மின்விசிறி ஒன்று. ‘எக்ஸோஸ்ற் பான்’ என்று கடைகளிற் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். பழையது பழுதாகிவிட, இலண்டனில் இருக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்தபோது புதியதொன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதை மாட்டிய நாள் தொட்டு இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. இரவின் அமைதியில் அதன் இரைச்சல் படுக்கையறை வரை கேட்டதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நான் அங்கு சென்றேன். நல்ல வெயில். குளியலறையிலே மருமகன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். விசிறியின் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. அவன் கையில் இருந்த ஸ்குறூ டிறைவர் உள்ளே இருந்த கம்பிகளை நெருங்கிக்கொண்டிருந்தது. “இப்பதான் தானாகவே நிண்டது மாமா. சுவிச்சையும் நிப்பாட்டிப்போட்டன்” என்றான். அவன் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் படிப்பவன்.

“கீழே இறங்கு” என்று மட்டுமே என்னாற் சொல்ல முடிந்தது. பிறகு ரெஸ்ரரை எடுத்துவரச் செய்து, விசிறியின் உள்ளே ‘எல்’ என்று குறித்த இடத்திலே அதன் நுனியை வைத்துக் காட்டினேன். ரெஸ்ரரின் சிறு விளக்கு எரிந்தது. சுவரிலிருந்த ஆளி நிறுத்தப்பட்டிருந்தது, விசிறியும் நின்றிருந்தது, ஆயினும் 230 உவோற்று மின்சாரம் அங்கே காத்திருந்தது. பையனின் முகம் வெளிறிவிட்டது.

வாசகர்களுட் பலரும் இதை அறிந்திருக்கமாட்டார்கள். பழைய விசிறிகளுக்கு உயிர்க்கம்பி ஒன்று, நொதுமற்கம்பி ஒன்று என இரண்டே கம்பிகள். ஆளியை நிறுத்தினால் விசிறி அடங்கிவிடும். நேரக்கருவி வைத்த விசிறிகளுக்கோ மூன்று கம்பிகள் உண்டு. அவற்றுள் ஒன்று நொதுமல். மற்றொன்று எப்பொழுதும் மின்சாரத்தோடு இருக்கும் உயிர்க்கம்பி. மூன்றாவது, சுவரிலுள்ள ஆளியிலிருந்து ‘இப்பொழுது ஓடு’ என்ற செய்தியை மட்டும் கொண்டுவருவது. குளித்தவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியேறிய பின்னரும் விசிறி சிறிது நேரம் ஓடி, எஞ்சிய ஈரத்தை அகற்ற வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே சுவர் ஆளியை நிறுத்திவிட்டு இத்தகைய விசிறியில் எவரும் கை வைத்தலாகாது. விசிறிக்கெனத் தனி ஆளி வெளியே இருந்தால் அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் வீட்டின் பிரதான ஆளியையே நிறுத்த வேண்டும். நிறுத்திய பின்னும் ரெஸ்ரரால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ரெஸ்ரர் எரிகிறதா என்பதை முன்னதாக வேறோரிடத்திற் சோதித்திருக்கவும் வேண்டும். ‘றிப் சுவிச்’ இருக்கிறதே என்று துணிவது தவறு. உயிர்க்கம்பியையும் நொதுமலையும் இரு கைகளால் ஒருங்கே தொட்டவரை அது காப்பாற்றாது.

இனி, விசிறி ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு வருவோம்.

முதலிற் செய்ய வேண்டியது பொறுத்திருப்பதே. நேரக்கருவியைச் சிலவற்றில் இருபது, முப்பது நிமிடங்கள் வரை நீட்டி வைக்கலாம். ஆளியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து விசிறி தானாக நின்றால், அதிற் பழுது ஏதும் இல்லை. மூடிக்குள்ளே இருக்கும் சிறு திருகாணியைச் சற்றுத் திருப்பி, மின்சாரத்தை நிறுத்திய பின்னர்தான், நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் போதும்? இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, குளியலறை விசிறி நொடிக்கு 15 லீற்றர் காற்றையாவது வெளியேற்ற வேண்டும் என்கிறது. அதாவது மணிக்கு 54 கன மீற்றர். இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட ஒரு குளியலறையின் கொள்ளளவு ஏழரை கன மீற்றர். கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் அறையின் காற்று முழுவதற்கும் ஈடான அளவு வெளியே போய்விடும். பதினைந்து நிமிடம் தாராளம். கதவின் கீழே ஒரு விரற்கிடை இடைவெளி இருப்பதும் அவசியம். புதுக்காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறி வீணே உழைக்கும்.

எங்கள் விசிறியோ முப்பது நிமிடத்தில் அன்று, மூன்று நாளிலும் நிற்கவில்லை. அப்படியானால் கம்பி இணைப்பைச் சந்தேகிக்கலாம். எப்பொழுதும் மின்சாரம் உள்ள கம்பியையும் செய்தி கொண்டுவரும் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்துவிட்டால், விசிறிக்கு ‘ஓடு’ என்ற கட்டளை ஓயாது கிடைத்துக்கொண்டிருக்கும். பழைய இரு கம்பி விசிறியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டும்போது இந்தத் தவறு எளிதில் நேரும். இதைத் தேர்ந்த மின்னியலாளர் ஒருவரே திருத்த வேண்டும். உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகை பழுதாகி விசிறி நிற்காமற் போவதும் உண்டு. அதற்கு வேறு விசிறி வாங்குவதே வழி.

ஆனால் இங்கே இணைப்புச் சரியாகவே இருந்தது. துப்பு வேறோரிடத்தில் இருந்தது. வெயில் உச்சியில் நின்ற அந்நேரம் மட்டும் விசிறி தானாக நின்றதல்லவா? பெட்டியோடு வந்த காகிதத்தை எடுத்துப் படித்தோம். அறையின் ஈரப்பதனை உணர்ந்து தானே ஓடி, ஈரம் குறைந்ததும் தானே நிற்கும் விசிறி அது. நூற்றுக்கு 70 என்ற அளவில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. காற்று எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நீராவியைத் தாங்கும். 5 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியையே தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 30 பாகையில் 30 கிராம். இலண்டனின் மாரிக்காலக் குளிர்காற்று வெளியே ஈரம் நிறைந்ததாய் இருந்தாலும், வீட்டினுள் வந்து 20 பாகைக்குச் சூடேறியதும் அந்த 7 கிராம் நூற்றுக்கு 40 ஆகிவிடுகிறது. விசிறி ஈரக்காற்றை வெளியே தள்ள, அதற்கு ஈடாக உலர்ந்த காற்றே உள்ளே வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் 70க்குக் கீழே இறங்கி விசிறி நின்றுவிடும். நம் நாட்டிலோ ஈரப்பதன் பகலில் நூற்றுக்கு 70 அளவிலும், இரவில் 90 முதல் 95 வரையிலும் இருப்பது வழக்கம். கொழும்பின் காற்றை எவ்வளவுதான் உள்ளே இழுத்தாலும் கொழும்பின் ஈரமே உள்ளே வரும். பாவம், அந்த விசிறி வெள்ளவத்தைக் கடற்காற்றை உலர்த்திவிட முயன்றுகொண்டிருந்தது!

“அப்ப ஓடட்டுமே, சின்ன விசிறிதானே” என்றார் அத்தான். 20 உவாற்று விசிறி நாள் முழுவதும் ஓடினால் அரை அலகு. மாதத்திற்கு 14 அலகுக்கு மேல். அலகுப் படி ஏறுந்தோறும் கட்டணமும் ஏறுவதை அத்தான் அறிவார், உடனே மௌனமானார். அதிலும் பெரிய கவலை தூசு. ஓயாது ஓடும் விசிறியில் நூலும் தூசும் படிந்து, சிறகு இறுகி, மோட்டர் சூடேறி, அதனால் வீடுகளிலே தீப்பிடித்ததும் உண்டு. எல்லோரும் உறங்கும் வேளையில் அது நிகழ்ந்தால் என்னாவது? இரைச்சல் மாறினாலோ, தீய்ந்த நாற்றம் வந்தாலோ, உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

அளவை 90க்கு உயர்த்திப் பார்த்தோம். பகலில் அடங்கியது, இரவு மழை பெய்ததும் மீண்டும் தொடங்கிவிட்டது. முடிவில் மின்னியலாளர் வந்து, ஈரப்பதன் உணரி இல்லாத, நேரக்கருவி மட்டுமுள்ள விசிறியை மாட்டி, அதைப் பதினைந்து நிமிடத்திற்கு நிறுத்தி வைத்தார். விசிறிக்கென ஒரு தனி ஆளியையும் வாசலுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார். இலண்டன் விசிறியை நுவரெலியாவிலுள்ள உறவினருக்கு அனுப்பலாமா என்று தமக்கை கேட்டாள். அங்கே குளிர் உண்டே தவிர ஈரம் குறைவில்லை என்று சொல்லித் தடுத்தேன். இப்போது அது பெட்டிக்குள் இருக்கிறது. பெறாமகள் அடுத்த முறை வரும்போது அதைத் தன்னோடு கொண்டுபோவாள்.