தொழு உரமும் ரசாயன உரமும்: குன்னூர் எலிகள் சொன்னது என்ன?

வாளையார் சோதனைச் சாவடியைக் கடந்து பாலக்காட்டுக்குள் நுழையும் காய்கறி லாரிகளும், போடிமெட்டு வழியாக இடுக்கியிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளும் ஒரே கேள்வியைச் சுமந்து செல்கின்றன. இயற்கை முறையில் விளைந்த பொருள் உடலுக்கு மெய்யாகவே மேலானதா? கூடுதல் விலை கொடுத்து வாங்கும் குடும்பத்தலைவிக்கும், சித்தூர் வட்டத்திலோ மறையூர், காந்தளூர், வட்டவடை மலைகளிலோ நிலத்தை மாற்ற எண்ணும் உழவருக்கும் இது பணத்தோடு பிணைந்த கேள்வி.

விலங்குகளுக்கு உணவூட்டி இதற்கு விடை தேடிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியார். 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன். அந்த ஓர் அறையே பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

மலையடிவாரத்தில், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில், 1909 முதல் நிரந்தர உரச்சோதனை வயல்கள் இருந்தன. சில பாத்திகளுக்குத் தொழு உரம் மட்டும், சிலவற்றுக்கு ரசாயன உரம் மட்டும், சிலவற்றுக்கு எதுவுமே இல்லை என ஆண்டுதோறும் மாறாமல் பயிரிட்டு வந்தனர். வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து, உரம் மாறினால் தானியத்தின் சத்தும் மாறுமா என்று மெக்காரிசன் ஆராய்ந்தார். சிறுதானியத்தையும் கோதுமையையும் புறாக்களுக்கும் எலிகளுக்கும் ஊட்டிப் பார்த்தனர். 1926இல் வெளியான முடிவு தொழு உரத்தின் பக்கம் சாய்ந்தது. அவ்வுரத்தில் விளைந்த தானியத்தைத் தின்றவை நன்கு வளர்ந்தன.

இயற்கை வேளாண்மை ஆர்வலர்கள் இன்றும் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் இரண்டு செய்திகளை அதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த விலங்குகளின் உணவில் பெரும்பங்கு ஒரே தானியம். சத்துக் குறைந்த உணவில் சிறு வேறுபாடும் பெரிதாகத் தெரியும். பால், பருப்பு, கீரை சேர்ந்த உணவில் அது மறைந்துவிடக்கூடும். மேலும், டிடிடி போன்ற செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வயலுக்கு வராத காலம் அது. ஆகவே அந்த ஆய்வு ஒப்பிட்டது உரத்தை மட்டுமே. தெளிப்பு மருந்தைப் பற்றி அதில் விடை இல்லை.

மெக்காரிசனின் மற்றொரு சோதனையே எமக்கு அதிகம் சொல்வதாகத் தோன்றுகிறது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிக் கூட்டங்களுக்கு ஊட்டினார். முழுக் கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசி மிகுந்து பால் குறைந்த சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. நம் தட்டைப் பற்றி எலிகள் அளித்த சான்றிதழ் அவ்வளவு பெருமைக்குரியதன்று! எப்படி விளைந்தது என்பதற்கு முன்னால், என்ன உண்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது.

பிற்கால ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில் இரு தலைமுறைக் கோழிகளுக்கு இருவகைத் தீவனமும் தரப்பட்டன. சாதாரணத் தீவனம் உண்டவையே எடை கூடின. ஆயினும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் புரதத்தைச் செலுத்திய பிறகு, இயற்கைத் தீவனம் உண்டவை விரைவாக வளர்ச்சிக்குத் திரும்பின. அமெரிக்காவில் பள்ளி மாணவி ஒருவர் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வில், இயற்கை விளைபொருள் உண்ட பழ ஈக்கள் பெரும்பாலும் நீண்ட நாள் வாழ்ந்தன. கோழிக்கும் ஈக்கும் பொருந்துவது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இவை போதா.

நஞ்செச்சத்தின் கணக்கு வேறு. பூச்சிக்கொல்லியை விலங்குகளுக்கு நீண்டகாலம் ஊட்டி, எந்த அளவு வரை தீங்கு தென்படவில்லை என்று காண்கின்றனர். வழக்கமாக அதை நூறால் வகுத்து மனிதருக்கான நாள் அளவை நிர்ணயிக்கின்றனர். இயற்கை விளைபொருளில் எச்சம் காணப்படுவது குறைவு என்பதில் பெரிய ஆய்வுத் தொகுப்புகள் உடன்படுகின்றன. உண்பவரைவிட அதிகம் பயன்பெறுவோர், ஏலத்தோட்டத்தில் முதுகில் தெளிப்பானைச் சுமக்கும் தொழிலாளரே எனலாம்.

மாற விரும்பும் உழவர் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்வது நலம். தேசியச் சான்றிதழ் விதிகளின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், ஏலம், மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். அக்காலத்தில் மகசூல் குறையலாம். சான்றிதழ் பெற்ற பொருளுக்குரிய விலையும் கிடைக்காது. கடன் பெறுவோர் தவணை அட்டவணையை முடிவு செய்யும் முன்பே இதைக் கிளை மேலாளரிடம் பேசிவிடலாம். முழு நிலத்தையும் ஒருசேர மாற்றாமல் ஒரு பகுதியில் தொடங்குவது இடர்ப்பாட்டைக் குறைக்கும். மாறிய பகுதியின் விளைச்சலையும் உரத்தையும் மற்றதோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும்.