செஞ்சிலந்திக்குப் பழைய மருந்து வேண்டாம்

கோடை வெயில் ஏற ஏற, சாணார்பட்டி வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் கத்தரி, வெண்டை போட்டவர்கள் இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மேற்புறம் வெளிர் புள்ளிகளும் அடிப்புறம் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது செஞ்சிலந்திதான். இது பூச்சியல்ல, எட்டுக்கால் உள்ள சிலந்தி இனம். ஆகவே காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்துகள் பலவும் இதனிடம் பலிப்பதில்லை. சைபர்மெத்ரின் போன்றவற்றை அடிக்கடி தெளித்தால், செஞ்சிலந்தியைத் தின்னும் பொறிவண்டுகள் மடிந்து, தொல்லை முன்னைவிடப் பெருகும். காசு கொடுத்து வினையை வாங்கிய கதைதான்!

முன்பு இதற்குப் பெயர்போன மருந்து டைக்கோபால். டி.டி.டி.யிலிருந்து தயாரிக்கப்படுவது. நரம்பைத் தாக்கும், கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடும். மத்திய அரசு 2023-ல் இதைத் தடை செய்துவிட்டது. பழைய புட்டி வீட்டில் கிடந்தால், 'இந்த ஒரு தடவை' என்று எடுக்கக்கூடாது. கிணற்றருகே கொட்டவும் கூடாது. மாட்டு உண்ணிக்குத் தடவினால் விஷம் பாலில் இறங்கும்.

இப்போதைக்கு, நனையும் கந்தகத்தை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, இலையின் அடிப்புறம் நன்கு நனையும்படி மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் 2 வாரம் கழித்தே கந்தகம் அடிக்க வேண்டும். பூசணி வகைகளில் சில, கந்தகத்தைத் தாங்கா.