கைக்கு எட்டாத கைப்பிடி

பெரிய பயணிகள் விமானம் ஒன்று விழும்போது, பறப்பின் தரவுகளையும் விமானி அறையின் பேச்சையும் பதிந்து வைக்கும் கறுப்புப் பெட்டிகளைத் தேடி எடுப்பதே விசாரணையாளர்களின் முதல் வேலையாகிறது. ஓரிருவர் மட்டும் செல்லும் சிறு விமானங்களில் பெரும்பாலும் அத்தகைய கருவிகள் இருப்பதில்லை. ஆதலால் சிதைந்த உலோகமும், கண்ணால் கண்டவர்களின் சொல்லும், புறப்படுமுன் விமானியோடு பேசியவர்களின் நினைவுமே அங்கே சான்றுகளாகின்றன. இவற்றைக் கொண்டு ஒரு விபத்தின் காரணத்தை எவ்வளவு ஆழமாகத் தேட முடியும் என்பதற்கு, அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் உயிரைப் பறித்த 1997 அக்டோபர் 12ஆம் நாள் விபத்து சிறந்த எடுத்துக்காட்டு.

அன்று மாலை கலிஃபோர்னியாவின் மான்டெரே விமான நிலையத்தில் தனியாக ஏறிய டென்வர், ஓடுபாதையைத் தொட்டு உடனே மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்துவிட்டுக் கடலோரமாகப் பறந்தார். புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் பசிபிக் குரோவ் கரையருகே விமானம் கடலில் விழுந்தது. அவர் அனுபவமற்றவர் அல்லர்; 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். ஆனால் அந்த விமானத்தை அவர் வாங்கியது அண்மையில்தான். முந்தைய நாள் ஏறக்குறைய அரை மணி நேரமே அதில் பயிற்சி பெற்றிருந்தார். உடற்கூற்று ஆய்வில் மதுவோ போதைப்பொருளோ காணப்படவில்லை.

விமானம் லாங்-ஈஸி என்னும் வகையைச் சேர்ந்தது. பர்ட் ரூட்டன் என்ற வடிவமைப்பாளர் வரைபடங்களை விற்க, அவற்றை வாங்கியவர்கள் தாமே கட்டிக்கொண்டனர்; இத்தகைய விமானங்களை அமெரிக்க அரசு ‘பரிசோதனை வகை’ எனப் பதிவு செய்கிறது; கட்டுபவர் தம் விருப்பப்படி சில மாற்றங்களைச் செய்துகொள்ளவும் இடமுண்டு. இந்த விமானத்தைக் கட்டியவரும் அப்படி ஒரு மாற்றத்தைச் செய்திருந்தார்.

இரு இறக்கைகளும் உடற்பகுதியோடு சேரும் இடங்களில் உள்ள தொட்டிகளில் எதிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. வரைபடத்தின்படி அதன் கைப்பிடி விமானியின் இரு கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் அறைக்குள் வரக் கூடாது என்று கருதிய கட்டுநர் அதை இடத்தோளுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் பொருத்திவிட்டார். அந்த நோக்கத்தில் குறைசொல்ல எதுவுமில்லை. விபத்தில் தீப்பற்றும் ஆபத்தைக் குறைக்கவே அவர் விரும்பினார். ஆனால் கைப்பிடியின் நிலைகளுக்கு எந்தக் குறியும் இடப்படவில்லை. எரிபொருளின் அளவைக் காட்டும் கண்ணாடிக் காட்டிகளிலும் அளவுக்கோடுகள் இல்லை. அவை பின்னிருக்கைப் பகுதியில் இருந்தமையால் முன்னால் அமர்ந்தவர் அவற்றை நேராகப் பார்க்கவும் முடியாது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையாளர்கள் தரையிலிருந்த சுமார் இருபது பேரைக் கேட்டறிந்தனர். ஏறத்தாழ 350 முதல் 500 அடி உயரத்தில் பறந்த விமானம் திடீரென மூக்கு கவிழ்ந்து செங்குத்தாக இறங்கியதைச் சிலர் கண்டனர். அதற்குச் சற்று முன் ‘டப்’ என்ற ஓசையையோ எஞ்சின் ஒலி தணிந்ததையோ சிலர் கேட்டனர். சாட்சிகளின் நினைவு எளிதில் பிறழக்கூடியது. எனினும் எரிபொருள் தடைப்பட்டிருக்கலாம் என்ற அதே திசையையே கடலிலிருந்து மீட்ட வால்வும் சுட்டியது. அது எந்தத் தொட்டிக்கும் முழுமையாகத் திரும்பாமல் இடைநிலையில் நின்றிருந்தது.

விமானநிலையத் தொழில்நுட்பர் ஒருவரின் வாக்குமூலம் எஞ்சிய இடைவெளியை நிரப்பியது. கைப்பிடி எட்டவில்லை என்பதைப் புறப்படுமுன்பே அவரும் டென்வரும் பேசியிருந்தனர். இடுக்கி ஒன்றை மாட்டி அதை நீட்டிப் பார்த்தும் பயன் கிட்டவில்லை. பின்னால் உள்ள காட்டிகளைப் பார்க்கத் தொழில்நுட்பர் ஒரு சிறு கண்ணாடியும் கொடுத்தார். வானில் தொட்டியை மாற்ற நேர்ந்தால் தானியங்கிப் பறப்புக் கருவியை இயக்கிவிட்டுத் திரும்பிக்கொள்வதாக டென்வர் சொன்னார். ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகக் கூறி எரிபொருள் நிரப்பவும் மறுத்துவிட்டார்.

விசாரணையின் மிகச் சிறந்த பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. எஞ்சின் நின்றாலும் லாங்-ஈஸி மிதந்து இறங்கக்கூடியது. அப்படியிருக்க அது ஏன் தலைகுப்புற விழுந்தது என்ற வினாவுக்கு எரிபொருள் மட்டும் விடையாகாது. ஆகவே விசாரணையாளர் ஒருவர் இதே வகையைச் சேர்ந்த வேறொரு விமானத்தில் அமர்ந்து கைப்பிடியைத் திருப்பும் செயலைத் தாமே செய்து பார்த்தார். தோளில் மாட்டிய பாதுகாப்புப் பட்டையைத் தளர்த்தி, வலக்கையைக் கட்டுப்பாட்டுத் தடியிலிருந்து எடுத்து, உடலை இடப்புறமாக முழுவதும் திருப்பினால்தான் கைப்பிடி எட்டும். அப்படித் திரும்பும்போதெல்லாம் உடலைத் தாங்கிக்கொள்ள வலக்கால் தானாகவே வலப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தியது. சுக்கான் என்பது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் பலகை; தடியில் கையில்லாத வேளையில் அது திரும்பிவிட்டால், அவ்வளவு குறைந்த உயரத்தில் விமானத்தை மீண்டும் நிலைப்படுத்த நேரம் கிடைக்காது.

1999இல் வாரியம் வெளியிட்ட முடிவு, கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் சிதறியதையும், அறியாமல் வலச் சுக்கானை அழுத்தியதையும், எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணங்களாகக் கொண்டது. குறியில்லாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவையும், அளவுக்கோடற்ற காட்டிகளையும், போதாத பயிற்சியையும் துணைக்காரணிகளாகச் சேர்த்தது. இத்தகைய முடிவை இழப்பீட்டு வழக்கில் சான்றாகப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று என்று பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும் கூறுகிறது. ‘விமானியின் தவறு’ என்ற இரண்டே சொற்களில் கோப்பை மூடியிருந்தால் இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு ஒன்று மட்டுமே மிஞ்சியிருக்கும். இந்த அறிக்கையோ, பிறர் கட்டிய விமானத்தை விலைக்கு வாங்கும் ஒருவர் முதலில் இருக்கையில் அமர்ந்து, பட்டையை இறுக்கியபடியே எரிபொருள் வால்வு கைக்கு எட்டுகிறதா என்று தரையிலேயே சோதித்துக்கொள்ள வழி சொல்கிறது.