இயற்பியலின் உட்ஸ்டாக்

இயற்பியலின் உட்ஸ்டாக் என்பது 1987 மார்ச் 18 அன்று நியூயார்க் நகரின் ஹில்டன் ஓட்டலில், அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டத்தின்போது நடைபெற்ற சிறப்பு அமர்வைக் குறிக்கும். உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் பற்றிய இந்த அமர்வு இரவு 7.30 மணியளவில் தொடங்கி, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பின்னரே முடிந்தது. 1969இல் பெருந்திரள் கூடிய உட்ஸ்டாக் இசைவிழாவை நினைவூட்டியதால் இப்பெயர் ஏற்பட்டது.

பின்னணி

குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சில பொருள்களின் மின்தடை முற்றிலும் மறைந்துவிடுகிறது. இதுவே மீக்கடத்துத்திறன். 1911இல் காமர்லிங் ஆன்னஸ் இதைப் பாதரசத்தில் 4.2 கெல்வினில் கண்டறிந்தார். 1973இல் எட்டிய உச்சம் வெறும் 23 கெல்வின்தான். அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். ஹீலியம் விலை மிகுந்தது. காற்றில் கலந்துவிட்டால் மீட்பதும் அரிது.

1986இல் சூரிச்சுக்கு அருகிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டனர். அது உலோகமன்று, பீங்கான் வகைப் பொருள் என்பதுதான் வியப்பு. 1987 தொடக்கத்தில் பால் சூ, வூ மாவ்-குன் குழுவினர் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் சேர்த்து 93 கெல்வினை எட்டினர். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆகவே குளிரூட்டும் செலவு பன்மடங்கு குறைந்தது.

அமர்வு

கட்டுரைகள் அனுப்பும் கெடு முன்பே முடிந்திருந்ததால் தனி அமர்வு ஏற்பாடாயிற்று. 51 பேர் பேசினர். பெரும்பாலோர்க்கு 5 நிமிடமே. முல்லர், சூ, சீனாவின் சாவ் சோங்சியன், பெல் ஆய்வகத்தின் பாட்லாக் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அரங்கில் சுமார் 1,800 பேர் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, ஏறக்குறைய 2,000 பேர் வெளியே தொலைக்காட்சித் திரைகளில் பார்த்தனர்.

இத்தனை பேர் திரண்டதற்குக் காரணம் உண்டு. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்சைடு ஆகியவற்றைக் கல்வத்தில் அரைத்து, 900 பாகை செல்சியசுக்கு மேல் உலையில் சுட்டு, ஆக்சிஜனில் மெல்ல ஆறவிட்டால் பொருள் தயார். பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து, திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, மேலே காந்தம் மிதக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆய்விதழ்களில் அச்சாகும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை.

பின்விளைவு

பெட்னோர்சும் முல்லரும் அதே ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இழப்பில்லாத மின்கம்பிகள் விரைவில் வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் தாமதமாகவே நிறைவேறியது. பீங்கான் எளிதில் உடையும். தாமிரம் போலக் கம்பியாக நீட்ட இயலாது. மெல்லிய உலோகப் பட்டையின்மேல் படலமாகப் படியச் செய்யும் முறை கைவர ஆண்டுகள் பல ஆயின. 2014இல் செருமனியின் எசன் நகரில் 1 கிலோமீட்டர் நீள மீக்கடத்து மின்வடம் பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ கருவிகளிலோ இன்றும் பெரும்பாலும் நையோபியம்-டைட்டானியம் கம்பியும் திரவ ஹீலியமுமே உள்ளன. தாமிர ஆக்சைடுகள் ஏன் இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்துகின்றன என்பதற்கு அனைவரும் ஏற்கும் கோட்பாடு இன்னும் உருவாகவில்லை.